நூற்று முப்பது மீட்டர்

குடமுருட்டிக் கரையில்
ஐந்தாம் எண் கல்லைத் தொட்டுத் திரும்பினால் பத்து.
தொட்டேன்.
ஓர் ஆடு அதில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது,
அது நகரும்வரை நின்று
பிறகு தொட்டேன்.
கடிகாரம் சொல்கிறது
ஒன்பது புள்ளி எட்டு ஏழு.

கூடவே ஓடிவந்த முஜிபுருக்கு
பத்து புள்ளி இரண்டு ஒன்று.
"வெலை கூடக் குடுத்தா கூட ஓடும்ல" என்கிறான்.

கைப்பேசியில் பாதையைப் பார்த்தேன்.
ஆறு வளைந்த இடத்திலெல்லாம்
நான் வளையவில்லை.
ஆரஞ்சுக் கோடு தண்ணீரில் இறங்கி
நாணலில் ஏறி
அக்கரை வாழைக்கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.
தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே
குடிகாரன் கையெழுத்து.

மேலே சுற்றுவது புள்ளிதான் வைக்குமாம்.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
நான் ஓடியதற்குச் சாட்சி இல்லை.
சிக்குக் கோலம் தெரியாத கை,
வளைக்காமல்
நேராக இழுத்துவிடுகிறது.

வீட்டு வாசலுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.
கேட்டிலிருந்து மின்கம்பம்,
மின்கம்பத்திலிருந்து கேட்.
எதிர்வீட்டு ரெஜினா டீச்சர்
பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.
பத்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.
நின்றேன்.

ஒன்பதரைக்குக் கொள்முதல் நிலையம்.
பட்டியல் எழுதுவது நான்,
ஈரமானியும் என் மேசையில்தான்.
பதினேழு வரை எடுக்கலாம்.
செண்பகவல்லியின் நெல்
பதினேழு புள்ளி நான்கு.

"நாலு நாளா ரோட்லதான் சார் காயுது."

தெரியும்.
விடியலில் அந்தத் தார்ப்பாயை மிதிக்காமல்
சரிவில் இறங்கி ஏறியவன்தான் நான்.
அந்த விலகலும் கணக்கில் வரவில்லை.

குவியலின் வேறு பக்கம் அள்ளி வைத்தேன்.
பதினாறு புள்ளி ஒன்பது.
இன்னொரு பிடி.
பதினேழு புள்ளி ஒன்று.

வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.
சுமைக்காரர்கள் சாக்கின்மேல் உட்கார்ந்து
என் பேனாவையே பார்க்கிறார்கள்.
"எதை சார் எழுதப் போறீங்க?"
அவள் குரலில் கோபம் இல்லை,
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மணிக்கட்டு அதிர்ந்தது.
வெகுநேரமாக உட்கார்ந்தே இருக்கிறேனாம்,
எழுந்து நடக்கச் சொல்கிறது.

எழுந்தேன்.
குவியலுக்கு நடந்துபோய்
நாலாவது பிடி அள்ளினேன்.