ஒரு கதவு எண்ணுக்கு ஒரு பெயர்

கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை.
மென்பொருள் சொல்கிறது 4318.6 மெகாவாட்.
நான் பிடுங்கி எடுத்த அட்டவணை
4131.2-ல் நின்றுவிட்டது.
இடையில் 187.4.
ஓர் இயந்திரம் அளவுக்கு. சரியாக ஒரே ஓர் இயந்திரம்.

மணி ஒன்று இருபது. திருவொற்றியூர் டோல்கேட் பக்கம்,
மூன்றாவது மாடி. கீழே கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டி
அடிக்கொரு முறை மூச்சு விடுகின்றன.
காலை ஒன்பதுக்குள் வெற்றிச்செழியன் சாருக்குப் போகவேண்டும்:
கோடை இரவு உச்சத்தில் ஒவ்வொரு ஜெனரேட்டரும்
எவ்வளவு தருகிறது, எவ்வளவு தாங்கும், எது எல்லையில் முட்டுகிறது.
"எக்செல்ல குடும்மா, அந்த சாஃப்ட்வேர்லாம் எனக்குத் தெறக்கவே வராது."

ஏழாவது சுற்றில் கணக்கு அடங்கிவிட்டது.
மீதி என் ஸ்கிரிப்ட், நாற்பது வரி,
கதவு கதவாகப் போய் ரீடிங் எடுக்கிற ஈ.பி. ஆள் மாதிரி.
எங்கோ ஒரு வீட்டைத் தட்டாமல் வந்திருக்கிறது.

நிறுத்திவைத்த யூனிட்டா? பார்த்தேன், இல்லை.
பெயரோடு ஒட்டிக்கொண்ட வெற்று இடமா? இல்லை.
காற்றாலைகளைத் தனியாகக் கேட்கணுமோ? கேட்டாயிற்று.
டீ ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது.

பிறகு அத்திப்பட்டுப் பக்கத்து வரிசை.
பஸ் 5017.
பஸ் என்றால் டெப்போவிலிருந்து கிளம்புவது இல்லை,
மின்சாரம் வந்து கூடுகிற கம்பி.
அதில் இரண்டு இயந்திரங்கள்: அடையாளம் ஒன்று, அடையாளம் இரண்டு.
நானோ பஸ் எண்ணை மட்டும் சாவியாக வைத்திருந்தேன்.
ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு வந்து
அதே இருக்கையில், அதன் மடிமேலேயே உட்கார்ந்தது.
எச்சரிக்கை இல்லை. சிவப்பு எழுத்து இல்லை.
இந்த மாதிரி இடத்தில் கணினி கத்தாது.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

5017.
பதினேழு.

கழிமுகத்தில் எண்ணெய் மிதந்த மாதம்
நிவாரணப் பட்டியலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்,
கம்ப்யூட்டர் தெரிந்த பொண்ணு என்று.
காட்டுக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷாமியானா,
வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர், அது வேறு சத்தம்.
கைப்பட எழுதிய தாள்களை இரவெல்லாம் அடித்தேன்.
விடிகாலையில் ஒரே ஒரு பட்டன்:
இரட்டைப் பதிவுகளை நீக்கு.
எதை வைத்து என்று கேட்டது. தெருவும் கதவு எண்ணும் என்றேன்.
43 நீக்கப்பட்டன என்றது.
அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

மறுவாரம் சகாயமேரி வந்தாள்,
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
கதவு எண் 17, வேம்புலி வீட்டுப் பின்கட்டு.
அண்ணன் தம்பிக்கு ஒரே வாசல், உலை வேற,
படகு வேற, வலை வேற, கடன்கூட வேற.
"மூத்தாரு பேரு இருக்குது, எங்க பேரு காணோமே."
நான் தேடிப் பார்த்துத்தான் சொன்னேன்,
"லிஸ்ட்டுல இல்லியேக்கா."
லிஸ்ட்டில் இல்லைதான். அது பொய் இல்லை.

சாவியை மாற்றினேன்: பஸ் எண், கூடவே அடையாளம்.
ஒரு காற்புள்ளியும் ஒரு சொல்லும், அவ்வளவுதான்.
மறுபடி ஓட்டினேன். 4318.6.
187.4 வந்து தன் வரிசையில் உட்கார்ந்துகொண்டது,
எங்கும் போகாத மாதிரி.
சாருக்கு அனுப்பிவிட்டேன். காலையில்
ஒரு கட்டைவிரல் வரும்.

அந்தப் பழைய ஃபைல்கள்
டவுன்லோடில்தான் கிடக்கின்றன.
ஒன்றில் 655 வரி. இன்னொன்றில் 612.
பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறேன்.
அதே ஸ்கிரிப்ட், கொஞ்சம் வெட்டி ஒட்டினால் போதுமாக இருக்கிறது.
முதல் பெயர் விழுந்தது, ஃபோன் நம்பரோடு.

மணி இரண்டேகால்.
இந்நேரம் படகில் இருப்பார்கள்,
சிக்னல் கிடைக்காது.
கீழே லாரி ஓர் அடி நகர்ந்தது.