மூன்று புள்ளி எட்டு

புனா தீவில் குளத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
எங்கள் ஸ்பானிய மொழியில் அதற்கும்
நீச்சல்குளத்துக்கும் ஒரே சொல்.
யாரும் நீந்துவதில்லை.
இறால்கூட நீந்துவதைவிட
அடியில் நடப்பதுதான் அதிகம்.

பகலில் வேறொருத்தி வருவாள்: உப்பு, அமோனியா,
கறுப்பு வெள்ளைத் தட்டு எத்தனை சாணில் மறைகிறது.
என்னுடையது இரவு. ஒரே எண்.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு.
கரைமேல் மோட்டார் சைக்கிள்,
பலகைத் துறையின் நுனியில் மண்டியிட்டு
கம்பியை இறக்குவேன், அடிவரை, பிறகு ஒரு சாண் மேலே.
எண் ஓடும், தடுமாறும், நிற்கும்.
அது நிற்கிறவரை காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பகலெல்லாம் பாசி மூச்சை வெளியே விடும்.
இருட்டினால் அதுவும் வாங்கத் தொடங்கிவிடும்.
பன்னிரண்டு லட்சம் இறால், அத்தனை பாசி, அடிச்சேறு,
எல்லாருக்கும் ஒரே பானை.
விடிவதற்குள் பானையின் அடி தட்டும்.

எலெயுத்தேரியோ,
நீ இப்போது மச்சாலாவில் வாழைத்தார் ஏற்றுவதாகக் கேள்வி.

பிப்ரவரி. மூன்று நாளாக வெயில் இல்லை.
அன்றிரவு மழையில் கரைமண் சோப்பாகியிருந்தது.
எட்டாம் குளத்தில் வண்டி சரிந்து
முழங்காலில் தோல் உரிந்தது.
ஒன்பதுக்கு இன்னும் அறுநூறு மீட்டர்.
பன்னிரண்டு மணிக்கு அங்கே 4.1 இருந்தது.
கழித்துப் பார்த்தேன்.
ஏட்டின்மேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு
இரண்டு மணிக் கட்டத்தில் 3.8 என்று எழுதினேன்.
அழகான எண்.
யாரையும் எழுப்பாத எண்.

பம்பு வீட்டில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்,
நெஞ்சின்மேல் ரேடியோ,
நர்சீசா கூப்பிடுவாள் என்ற நம்பிக்கையில்.

நாலு மணிக்கு டார்ச்சை அடித்தேன்.
கரையோரமெல்லாம் கண்கள்.
செம்மஞ்சள் பொட்டுகள், ஆயிரமாயிரம்,
தண்ணீரின் மேல்தோலில் மூக்கை ஒட்டிக்கொண்டு.
மீட்டர் 0.7 காட்டியது.
மீட்டர்தான் பழுது என்று நினைக்க எவ்வளவு ஆசைப்பட்டேன்.
காற்றில் தூக்கிப் பிடித்தேன். காற்றுக்குரிய எண்ணைச் சரியாகச் சொன்னது.
மறுபடி இறக்கினேன்.
0.7.
0.6.

நீ செருப்பில்லாமல் ஓடிவந்து இஞ்சினை முடுக்கினாய்.
அதற்குள் ஓதம் இறங்கிவிட்டிருந்தது.
குழாய் சேற்றை உறிஞ்சி, இருமி, அணைந்தது.
இரண்டு மணிக்குக் கழிமுகத்தில் தண்ணீர் இருந்தது.

விடிந்ததும் கருங்கழுகுகள், நிதானமாக, நடந்தே வந்தன.
கரை நெடுக வெளுத்த உடல்கள்;
நான் வாரிய முதல் கூடையில்
ஒன்று மட்டும் இன்னும் வாலை அடித்தது.

பொறியாளர் பாரெத்தோ ஏட்டைப் புரட்டினார்.
"இவ்வளவு வேகமாக இறங்காதே" என்றார், ஏட்டைப் பார்த்து.
ஆனால் எண் இருந்தது.
எண் இருந்தால் பிழை ஆளிடம்தான் இருக்க வேண்டும்.
"மேக நாளில் ஒரு மணிக்கே ஓடவிட மாட்டாயா?"
என்று உன்னைக் கேட்டார்.
நீ என் பக்கம் திரும்பினாய்.
என் முழங்காலில் ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது.
அதைப் பார்த்தாய்.
எட்டாம் குளத்துச் செம்மண், ஒன்பதில் அந்த நிறம் கிடையாது.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாய்.
அவ்வளவுதான்.

உன் இடத்தில் இப்போது நெப்தாலி.
3.2-க்கே எழுப்புகிறேன் என்று திட்டுகிறான்.
டீசல் வீணாகிறதென்று அலுவலகமும் முணுமுணுக்கிறது.
முணுமுணுக்கட்டும்.

நேற்று ஒன்பதில், இரண்டு மணிக்கு, நல்ல நிலவு,
எண் ஓடி, தடுமாறி,
3.8-ல் நின்றது.
நிஜமாகவே.
தூக்கிப் பார்த்தேன், துடைத்தேன், இறக்கினேன். 3.8.

எழுதக் கை வரவில்லை, எலெயுத்தேரியோ.
3.7 என்று எழுதிவிட்டு
பத்தாம் குளத்துக்கு வண்டியை எடுத்தேன்.