கீழ்க்கணக்கு

இந்தக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகவில்லை.
தபால்காரர் மழையில் இறங்கி வந்து
என் கையிலேயே கொடுத்தார்.
ரா. தவச்செல்வன், ஏழாம் காம்பரா,
பத்தாம் நம்பர் லயம், கீழ்க்கணக்கு, தலவாக்கலை.
தலைப்பெழுத்துகூடச் சரி.

நாற்பத்தொரு வயசுக்குள் எனக்கு வந்ததெல்லாம்
ஆபீஸ் மேசையில் கட்டோடு கிடந்து,
யார் யாரோ பிரித்துப் பார்த்து,
நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் கைக்கு வரும்.
இது மட்டும் எப்படி வழி தவறாமல் வந்தது?

வீட்டில் வாகனத்துக்கு மின்னேற்றுபவர்களுக்கு வரி.
யுனிட்டுக்கு இவ்வளவு.
தனி மீட்டர், தனி வயர்,
பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி ஒன்று,
பெட்டிக்கு மாத வாடகை.

புஷ்பகாந்தி இரண்டு தரம் வாசித்தாள்.
"வீடுன்னு போட்டிருக்கானே,
இது எப்பங்க வீடாச்சு?"

அளக்க வந்தவர் திலகரத்ன மாத்தயா.
பாரத்தில் ஒரு கேள்வி:
வாகனத் தரிப்பிடம் உண்டா, இல்லையா.
இஸ்தோப்பு ஓரம் தார்ப்பாய்க்குக் கீழே
என் கரண்ட் ஆட்டோ நின்றது.
ஜன்னல் கம்பிக்குள்ளால் போய்
சோத்துப் பானைக்கு மேலே தொங்கி
ஒரே ப்ளக்கில் முடிகிற வயரை
அவர் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்.
உண்டு என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை.

எங்களுக்குள் ஒரு வரி ஏற்கனவே இருக்கிறது.
நான் ப்ளக்கைச் செருகினால்
அடுத்த காம்பரா பல்பு மஞ்சளாகும்.
மரியசீலி அக்கா சுவரில் தட்டுவார்,
நாடகம் முடியும்வரை கழட்டு என்று அர்த்தம்.
பத்து மணிக்குப் பிறகுதான் எனக்குக் கரண்ட்.
அதற்குப் பதில் அவரை டிஸ்பென்சரிக்கு
சும்மா ஏற்றிப்போவேன்.
இதைப் பாரத்தில் எங்கே எழுதுவது?

"ரோட்டுக்குத்தான் தம்பி இந்தக் காசு" என்றார்,
நல்ல தமிழில்.
"நான் பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு லீட்டரிலும்
எடுக்கிறான். எனக்கு ஒருத்தனும்
கடிதம்கூடப் போடவில்லை."
அவர் சொன்னதில் பிழை இல்லை.
"எந்த ரோட்டுக்கு, மாத்தயா?" என்றேன்.
குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.
கணுக்கால்வரை கீழ்க்கணக்கு.

எங்கள் ஆற்றைச் சுரங்கத்துக்குள் இறக்கித்தான்
இந்தக் கரண்ட்டைச் செய்கிறார்கள்.
அதற்கு யாரும் எங்களிடம் பில் வாங்கவில்லை.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பாவம், அளக்க வந்தவர்.

வேறொன்று கேட்டேன்.
மேல்கணக்கிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு
டவுனுக்கு இறங்கும்போது
காலை எடுத்துவிட்டால் போதும்,
அறுபத்தொன்றில் இருந்த பட்டரி
கோயில் வளைவில் அறுபத்திரண்டு,
பாலத்தடியில் அறுபத்து நாலு.
இறங்க இறங்க ஏறுகிறது.
இது யார் கணக்கு?

பேனாவைக் கடித்தார். ஆட்டோவைப் பார்த்தார்.
பனிக்குள் பாதி மறைந்த மலையைப் பார்த்தார்.
"அதுக்கு இன்னும் மீட்டர் வரல்ல."
இரண்டு பேரும் சிரித்தோம்.
இன்னும் என்ற சொல்லுக்கு
நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

மறுகிழமை டிலுக்‌ஷனாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க
டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.
வசிப்பிட அத்தாட்சி கேட்டார்கள்.
தோட்டத்துக் கடிதம் செல்லாதாம்.
லைட் பில் தோட்டத்துப் பேரில்.
புஷ்பகாந்தி பைக்குள் கைவிட்டு
அந்த வரிக் கடிதத்தை எடுத்து வைத்தாள்.
கிளார்க் விலாசத்தை விரலால் தடவிப் படித்து,
முத்திரை குத்தினார்.

முதல் மாதக் காசை
கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னமே கட்டினேன்.
அந்த மாதம் கறியில்லை.
ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்தாள்.

மேல்முறையீடும் எழுதியிருக்கிறேன்.
அனுப்புநர் என்ற இடத்தில்
வீட்டு நம்பரைப் பெரிதாக.

பத்தாகிறது. அக்கா இன்னும் சுவரைத் தட்டவில்லை.
ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு
நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.