சாவி என் கழுத்தில் இருந்தது

டிசம்பர் இரண்டு, அதிகாலை மூன்றே கால்.
எங்கள் ஊரில் சூரியன் வர இன்னும் ஆறு மணி நேரம்.
தரைக்கடியில் யாரோ
கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம்,
ஒன்றே ஒன்று.
அலமாரியில் காபிக் கோப்பைகள்
ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

அடுத்த நிமிடம் தொலைபேசி.
கெர்த்து பாயுனென்: “ரெய்னோ, வெடி வைக்கிற நேரமா இது?”
அப்புறம் தேவாலயத்து மணிக்காரர்.
அப்புறம் பெயர் சொல்லாத ஒருவர், வசவு மட்டும்.
இருபத்தாறு வருடமாகக் கல்குவாரியில்
வெடி வைப்பவன் நான்.
இந்த வட்டாரத்தில் எது இடிந்தாலும்
முகவரி என்னுடையது.

கிடங்கு பூட்டியிருந்தது.
சாவி என் கழுத்தில், பனியனுக்குள்,
உடம்புச் சூட்டில் இருந்தது.
சொன்னேன். யார் நம்பினார்கள்?
பழி ஓரிடம், சரி.
பாவம் எந்த இடம் என்று பார்க்க
டார்ச்சோடு குவாரிக்குப் போனேன்.

புதுப்பனியில் ஒரு முயலின் தடம், வேறில்லை.
நின்றுகொண்டிருந்தபோது இரண்டாவது வந்தது.
அதைக் காதால் கேட்கவில்லை,
முழங்காலால் கேட்டேன்.
வெடிக்கு ஒரு வாசனை உண்டு,
நாக்கின் ஓரத்தில் கசக்கும்.
இதற்கு வாசனையே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பத்து நாளில் நூற்றுக்கு மேல்.
எண்ணியவள் இங்கெர் ஸ்டோல்பெரி.
ஹெல்சிங்கியிலிருந்து வந்தாள்,
நாய்முடி ஒட்டிய பழைய வேனில்.
பாறைமேல் நேராக நிற்பது
என் வீட்டுச் சவுனா ஒன்றுதான் என்று
அதன் தரையில் பானை அளவுக் கருவி ஒன்றை வைத்து,
“ஒரு மாதம் சூடேற்றாதீர்கள்” என்றாள்.
இந்த நிலநடுக்கம் எனக்குச் செய்த
பெரும் சேதம் அதுதான்.

“எவ்வளவு ஆழத்தில்?”
“ஒரு கிலோமீட்டர். சிலது அதுகூட இல்லை.
அதனால்தான் சின்னது இவ்வளவு கத்துகிறது.”
“ஜப்பானில் தட்டுகள் முட்டுகின்றன. இங்கே விளிம்பே இல்லையே?”
மேசையின் ஓரத்தில் உள்ளங்கை வைத்து அழுத்தினாள்.
நடுவில், பழைய ஒட்டில், பலகை முனகியது.
அட்லாண்டிக்கின் அடித்தரை
நகம் வளரும் வேகத்தில் விலகி
இப்படித்தான் எங்களைத் தள்ளுகிறதாம்.

இன்னொன்றும் சொன்னாள்.
இரண்டு மூன்று கிலோமீட்டர் கனத்தில்
இந்த நாட்டின்மேல் உட்கார்ந்திருந்த பனி
எழுந்துபோய்ப் பத்தாயிரம் வருடத்துக்கு மேலாகியும்
மெத்தை இன்னும் நிமிர்கிறது.
அப்புறம் மழை. இந்த இலையுதிர்காலம் பெய்த பேய்மழை
விரிசல் விரிசலாக இறங்கி,
துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டதுபோல்.

“இதில் எது?”
“தெரியாது” என்றாள்.
மூன்றாவது கோப்பை காபியை ஊற்றிக்கொண்டாள்.

எங்கள் கல்லுக்கு ரபகிவி என்று பெயர்.
மக்கிப்போன கல் என்று அர்த்தம்.
இளஞ்சிவப்பு முட்டைகளுக்குப் பச்சை விளிம்பு கட்டிப்
பதித்ததுபோல் இருக்கும்.
நூற்று அறுபது கோடி வயது.
அதை நான் லாரி லாரியாக அனுப்பியிருக்கிறேன்,
வங்கிகளின் படிக்கட்டுக்கும் கல்லறைக்கும்.
கேட்காமல் இருக்க முடியவில்லை:
“நான் எடுத்ததனாலா?”

அவள் சிரிக்கவில்லை.
பாரம் குறைந்தாலும் பாறை நகரும்,
வேறு நாட்டில் ஒரு குவாரிமேல் சந்தேகம் உண்டு என்றாள்.
காகித உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
“பனி கழற்றிக்கொண்டு போனது ஒரு கம்பளிக் கோட்டு.
நீங்கள் எடுத்தது பொத்தான்.”

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.
இருபத்தாறு வருடம்,
பொத்தான்.

ஜனவரியில் அடங்கிவிட்டது.
ஏன் வந்தது என்று சொல்லாததுபோலவே
ஏன் நின்றது என்றும் சொல்லவில்லை.
கருவியை எடுத்துப்போக வந்தவள்
ஒரு படிவம் கொடுத்தாள்.
பாத்திரங்கள் அதிர்ந்தனவா: ஆம்.
தூக்கம் கலைந்ததா: ஆம்.
பயந்தீர்களா என்ற கட்டத்தில்
பேனா மை உறைந்துவிட்டதென்று
விட்டுவிட்டேன்.

ஜூனில், பட்டப்பகலில், சங்கு ஊதி,
முறைப்படி வெடித்தேன்.
தூசு அடங்குமுன் தொலைபேசி.
“ரெய்னோ, இது நீயா, அதுவா?”
“நான்தான், கெர்த்து.”
“அப்பாடா” என்று வைத்துவிட்டாள்.