ஜூன் மாதத்தில் நிழல்

"காலை ஒன்பதரைக்கு வெளியே செல்க.
நண்பரை நிற்க வைத்து
அவர் நிழலைத் தரையில் வரைக.
நண்பகலில் மறுபடி. மூன்று மணிக்கு மறுபடி.
எது நெட்டை? எது குட்டை?"
மூன்றாம் வகுப்பு அறிவியல், முதல் பாடம்.

எழுதியவர் யாரோ,
தேவாலாவில் ஒரு ஜூன் மாதமும் இருந்ததில்லை.

பள்ளி திறந்து பதினோரு நாள்.
பதினோரு நாளும் மழை.
வராந்தாவில் குடைகள் கவிழ்ந்து கிடந்து
ஒன்றின் மேல் ஒன்று ஒழுகுகின்றன.
உப்புமாத் தட்டின் ஆவியும்
சன்னல் தாண்டி வரும் மூடுபனியும்
இரண்டாவது பெஞ்சில் கலக்கின்றன.
கரும்பலகை வியர்த்து
நான் எழுதிய 'ழ'வின் வால் வழிந்து
பக்கத்து 'ள'வைத் தொட்டுவிட்டது.
"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்கிறான் யோகதாசன்.
அவன் வீட்டில் ஒன்றுதான்.
உண்மையைச் சொன்னால் என் வீட்டிலும்.

எழுத்து அட்டையை எடு என்றேன்.
ஓடை தாண்டி வரும் சனீஷ் குனிந்து
கணுக்காலிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான்,
கொழுத்தது, இன்னும் பசியோடு நெளிவது.
வகுப்பு சிரித்து முடிக்கக் கால் மணி நேரம்.
அன்று நானும் வேறு அட்டை எடுக்கவில்லை.

"நிழல் எப்ப டீச்சர் வரும்?"
மாமா வருகிற பஸ்ஸை விசாரிப்பதுபோல் ஷஹானா.
வெயில் வந்தா வரும்.
"வெயில் எப்ப வரும்?"
"அது லீவு லெட்டர் குடுத்திருக்கு,"
பின்பெஞ்சிலிருந்து யோகதாசன்.

கரண்ட் போன ஒரு மதியம்
செல்போன் விளக்கைச் சுவரில் அடித்தேன்.
விரல்கள் நாயாகின, முயலாகின,
யாருடையதோ ஒரு கை, கையாகவே நின்றது.
ஷஹானா மட்டும் புத்தகத்தைத் திறந்துவைத்து
"இது செல்லாது. சூரியன்னு போட்டிருக்கு" என்றாள்.

கூடலூரிலிருந்து போன்:
இந்நேரம் நிழல் முடிந்து
தண்ணீர் தொடங்கியிருக்க வேண்டுமாம்.
தண்ணீரை முதலில் நடத்தட்டுமா சார்?
வரிசை மாறக் கூடாதாம்.
கூரைத் தகரத்தில் மழை அடித்ததில்
அவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை.
கேட்டதாகச் சொன்னேன்.

சுக்மணி பேசுவதில்லை.
ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் லயத்துக்கு
மே கடைசியில் வந்தவள்.
பதினோரு நாளில் அவளுக்கு வந்த தமிழ்:
டீச்சர். சோறு. உட்கார். நில்.
இதில் நில் என்பதை
அவள் முழுசாகச் செய்வாள்,
மூச்சையும் நிறுத்திவிடுவாளோ என்று
பயம் வரும்படி.

பன்னிரண்டாம் நாள், ஒன்பது ஐம்பதுக்கு,
எதிர்ச் சரிவின் தேயிலை சட்டென்று மஞ்சளாக,
"டீச்சர்!"
நான் கதவை அடையுமுன் வகுப்பு காலி.
கொடிக்கம்பத்தருகே சுக்மணியை நிறுத்தினேன். நில்.
நின்றாள்.
அவள் காலடியிலிருந்து அது மேற்கே விழுந்தது,
அவளைவிடக் கொஞ்சம் குட்டையாய்,
கறுப்பாய், நிஜமாய்.
கைதட்டினார்கள், நிழலுக்கு.

ஈரத் தரையில் சாக்கட்டி குழைந்தது.
சனீஷ் செங்கல் துண்டோடு வந்தான்.
தலை. ஒற்றைச் சடை. தோள்.
முழங்கை வளைவில் ரெண்டு பேருக்குச் சண்டை.
இடுப்புக்கு வரும்போது
கோடு போகப் போக நிழல் வெளுத்து,
எதைப் பின்தொடர்வதென்று தெரியாமல்
செங்கல் அந்தரத்தில் நின்றது.

பிறகு மழை. எல்லோரும் உள்ளே.

எண்ணிப் பார்த்தேன். பதினெட்டில் ஒன்று குறைந்தது.
கொடிக்கம்பத்தருகே சுக்மணி,
கைகள் பக்கவாட்டில் ஒட்ட, இமையில் நீர் சொட்ட,
அசையாமல்.
நில் என்று சொல்லிக்கொடுத்தவள்
போதும் என்று சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கைக்குக் கிடைத்த குடை விரியவில்லை. ஓடினேன்.

பாடக்குறிப்பேட்டில் எழுதியது:
நிழல். தலை முதல் இடுப்பு வரை முடிந்தது.
நாளை: போதும். வா.

தோள் வழியே எட்டிப் பார்த்த ஷஹானா
"நண்பகல்ல மறுபடி வரையணும் டீச்சர்" என்றாள்.