விட்வொர்த் பெட்டி

சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன கன்னியப்பனின் மச்சான்
மூன்று சாக்குமூட்டையும் ஒரு சேஸும் இறக்கிவிட்டு
"இதுக்கு மேல எங்களால முடியாதுக்கா" என்றான்.
அறுபத்திரண்டாயிரம் ரூபாய்
தண்டையார்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே
துருப்பிடித்துக் கிடந்தது.

நான் ஸ்டான்லியில் ரத்தம் சோதிப்பவள்.
பகலெல்லாம் ஊராருடையது,
ராத்திரி இதனுடையது.
ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன்
ஆயில் டாங்கின் அடியில் உறைந்த கறுப்பை.
பழக்கதோஷம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

மண்ணெண்ணெய். பழைய டூத் பிரஷ்.
நாலாம் ராத்திரி அழுக்குக்குள்ளிருந்து
மூன்று துப்பாக்கிகள் வெளியே வந்தன,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
மூலையில் துடைப்பங்கள் நிற்கிற மாதிரி.
பி.எஸ்.ஏ. சண்டைக்கென்று செய்த வண்டியாம்.
யாரைத் துரத்தக் கப்பலேறி வந்ததோ,
சீட்டுக் கடனுக்கு ஈடாய் நிற்கிறது.

நம்ம ஸ்பானர் எதுவும் அதற்குச் சேராது.
பன்னிரண்டு நுழையாது, பதின்மூன்று தொளதொள.
"அது விட்வொர்த்து சைசும்மா" என்றார்
மண்ணடி கமருதீன் பாய், ஷட்டரைப் பாதி இறக்கியபடி.
"பெட்டி இப்போ எத்திராஜாண்ட இருக்கும்.
இல்லாங்காட்டி பெரம்பூர்ல."

எத்திராஜிடம் இல்லை.
காசிமேட்டில் விசைப்படகின் வயிற்றிலிருந்து
தலையை மட்டும் நீட்டி
"நார்ட்டனா, ட்ரயம்ஃபா?" என்றான்.
சொன்னேன்.
முழுசாக மேலே வந்து கையைத் துடைத்து
டீ சொன்னான்.

பெட்டி என்பது ஒரு பிஸ்கட் டின்.
பதினோரு ஸ்பானர், கூட ஒரு கோடு போட்ட நோட்டு:
எடுத்தவர், தேதி, கழற்றியது.
*எத்திராஜ். கிளட்ச்.*
*எத்திராஜ். மறுபடியும் கிளட்ச்.*
*பாய். சும்மா பார்க்க.*
*ட்ரெவர். ஹெட். ஒரு ஸ்டட் உடைந்தது, கர்த்தரே.*
அதன் கீழே ட்ரெவர் தன் எஞ்சின் நம்பரையும்
எழுதி வைத்திருந்தார், ஸ்டட் வாங்க.

அந்த நம்பரை எனக்குத் தெரியும்.
என் ஆர்.சி. புக்கில் இருக்கிறது.
என் எஞ்சினில் இல்லை.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்.
யூனிட் ரயில் ஓட்டிவிட்டு வந்த சட்டையோடு
ட்ரெவர் தன் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.
அதில் என்னுடையது.
எந்தப் பட்டறையில் எந்த மழைநாளில்
எவன் மாற்றிப் பூட்டினானோ.
அவர் என்னைப் பார்த்தார். நான் தரையை.
மாற்றிக்கொள்ளலாமா என்று
யார் முதலில் கேட்பது?

கிளெண்டா கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"ரெண்டும் ஓடுதா?"
"இவங்களுது இன்னும் இல்ல."
"அப்ப மொதல்ல ஓட்டுங்க மேன்."

ஏழு மாசம்.
ஸ்பார்க் லீவரைப் பின்னுக்கு இழுக்காமல் ஒருநாள் உதைத்தேன்,
அது திருப்பி உதைத்தது.
கெண்டைக்கால் நீலத்தைப் பார்த்து
டியூட்டி டாக்டர் "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார்.
ஆமாம் என்றேன். ஐந்நூறு சி.சி.

பிறகொரு ஞாயிறு. எண்ணூர் ரோடு.
கன்டெய்னர் லாரிகளின் ஓரமாய் நாலு வண்டி.
தாழங்குப்பம் தாண்டவில்லை, என்னுடையது செத்தது.
சூடானால் மேக்னெட்டோ பொறி விடாது,
ஆறும்வரை எதுவும் செய்வதற்கில்லை.
முன்னே போன மூன்றும் திரும்பி வந்தன.
யாரும் யோசனை சொல்லவில்லை.
பாய் பொரித்த நெத்திலி வாங்கிவந்தார்.
எத்திராஜ் கடலைத் திட்டினான், காற்றில் உப்பு என்று,
கடலில் சம்பாதிக்கிறவன்.

ட்ரெவர் மட்டும் குந்தி உட்கார்ந்து
பேப்பர்படி தன்னுடையதான என் எஞ்சின்மேல்
உள்ளங்கையை வைத்தார், எடுத்தார்,
கொஞ்சம் கழித்து மறுபடி வைத்தார்.
காய்ச்சல் பார்க்கிற கை.
"இப்போ அடி."

அன்றைக்குப் பெட்டி என் முறை.
நோட்டில் எழுதினேன், ரத்தக்குழாய்க்கு லேபிள் ஒட்டும் மார்க்கரால்:
*தாழங்குப்பம். எதையும் கழற்றவில்லை.*