ஓகஸ்ட் அட்டவணை

பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
திங்களும் புதனும் அம்மப்பா,
செவ்வாயும் வியாழனும் அப்பப்பா.
வெள்ளிக்கு நேரே ஒரு கேள்விக்குறி,
பக்கத்தில் பால் கணக்கு.

எனக்குக் கச்சேரி, எட்டரைக்குள் கைரேகை வைக்கவேண்டும்.
அவருக்குச் சீனன்குடா மா ஆலையில் ஷிப்ட்.
தக்‌ஷினிக்கு ஒன்பது வயது, ஒரு மாத லீவு:
விடியவே டச் பேயில் நீச்சல்,
பத்து மணிக்குக் கீபோர்ட்,
பின்னேரம் செஸ்.
எல்லாம் நாங்கள்தான் சேர்த்துவிட்டோம்,
காசும் கட்டினோம்.
கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.

ஆள் இருந்தது. இரண்டு பேர்.
பதினொரு வருடமாகப் பேசாத இரண்டு பேர்.

எங்கள் கலியாண அழைப்பிதழில்
மாமாவின் பெயருக்கு முன்னால்
'ஓய்வுபெற்ற தபாலதிபர்' விடுபட்டுப் போயிற்று.
அச்சகத்தின் பிழை என்றார் என் அப்பா.
புரூப் பார்த்தது யார் என்றார் மாமா.
அவ்வளவுதான்.
பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு
ஒருவர் காலையில் வந்தார், மற்றவர் பின்னேரம்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு கேக்.

ஆள் மாறினாலும் நீச்சல் பை ஒன்றுதான்.
முதல் வாரம் வியாழன் இரவு
ஈரத் துவாயை உதறியபோது
விழுந்தது ஒரு துண்டு. மாமாவின் நேரான எழுத்து:
"இருமல் இருக்கிறது. ஐஸ்பழம் தவிர்க்கவும்."
யாருக்கு என்று இல்லை. யார் என்றும் இல்லை.
வாசித்துவிட்டு மடித்தபடியே திரும்ப வைத்தேன்.

திங்கள் பதில், லொத்தர் சீட்டின் பின்புறத்தில்.
துறைமுகத்தில் முப்பது வருடம்
இழுவைப் படகு ஓட்டியவர் என் அப்பா,
அவர் எழுத்தும் அலையில் ஏறி இறங்கும்:
"வாங்கவில்லை. ஒரு கடி, அதுவும் என்னுடையதில்."

பிறகு தினமும்.
"இடது செருப்பு வார் அறுந்தது. தைத்தேன்."
"கீபோர்ட் மிஸ் பிள்ளைக்குச் சத்தம் போடுகிறா.
நாளை நீங்கள் உள்ளே போய் இருக்கவும்."
அந்த 'நீங்கள்' என்பதை
நான் இரண்டு தரம் வாசித்தேன்.
"மான் அவளுடைய பாணைத் தின்றுவிட்டது.
கோட்டை வாசல் பக்கம் விடவேண்டாம்."
"அவள்தான் கொடுத்திருக்கிறாள். விசாரித்தேன்."

பையின் ஸிப் எப்போதும் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.
தக்‌ஷினி தன் ஆயுளில் ஒரு ஸிப்பும் பூட்டியதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் என் மேசைக்கடியில்
பழைய கோப்பு மட்டைகளுக்கு வர்ணம் தீட்டினாள்.
பெரியவர் வந்தால் மூச்சுக் காட்டமாட்டாள்.

மூன்றாம் வாரம் என் அப்பா
என்ன நினைத்தாரோ, துண்டின் தலையில்
"ஓய்வுபெற்ற தபாலதிபர் அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தார்.
விஷயம்: குடையைக் கொடுத்துவிடவும்.
மறுநாள் அந்தத் துண்டே திரும்பி வந்தது.
'ஓய்வுபெற்ற' என்பதற்கும் 'தபாலதிபர்' என்பதற்கும் நடுவே
சிவப்பு மையில் சிறு கூரை போட்டு
'முதலாந்தர' என்று செருகியிருந்தது.
குடையும் வந்தது.

இதைச் சொல்லிச் சிரிக்கலாமென்று விழித்திருந்தேன்.
அவர் மா படிந்த தலையோடு வந்து
சப்பாத்தும் கழற்றாமல் தூங்கிப்போனார்.

நேற்றுப் புதன்.
அரையாண்டு அறிக்கை.
கச்சான் காற்று கச்சேரிக் கதவை
அடித்து அடித்துத் திறந்தது.
மூன்று தரம் அப்பாவுக்கு எடுத்தேன், பதில் இல்லை.
வீட்டுக்கு வர எட்டு மணி. அவள் தூங்கியிருந்தாள்,
காது மடலில் மணல்.

பைக்குள் துண்டு:
"இன்று கயிறு பிடிக்காமல் மஞ்சள் மிதவை வரை நீந்தினாள். பார்த்தேன்."
ஏறி இறங்கும் எழுத்து.
அதற்குக் கீழே, நேராக, சிவப்பில்:
"நானும்."

புதன் மாமாவின் நாள் இல்லை.

இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.
பேனையை எடுத்தேன்.
பிறகு வைத்துவிட்டு
சேலைத் தலைப்பால் அவள் காதைத் துடைக்கப் போனேன்.
தூக்கத்திலேயே கையைத் தட்டிவிட்டாள்:
"விடுங்கோ அம்மப்பா, கூசுது."